மேகத்துக்குப் போட்ட ஊசி

போன வாரம் அக்காவும் தம்பியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து காபி குடித்ததைப் படித்துவிட்டு, அப்பாடா, இனி இந்தக் குடும்பத்தில் சண்டை இல்லை என்று பெருமூச்சு விட்டீர்களா? விட்டிருந்தால் அது என் தப்பு இல்லை. நான் எப்போதாவது அப்படி வாக்குக் கொடுத்தேனா?

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு ரெண்டு வார்த்தை. அக்கா கால்நடை மருத்துவர். தெருவுக்கே டாக்டரம்மா. கீழே க்ளினிக், மேலே குடித்தனம். அவள் புருஷன் காலமெல்லாம் ஐஸ்க்ரீம் கிடங்கு நடத்திவிட்டு இப்போது மனைவியின் க்ளினிக்கில் கதவு திறப்பது, தரை துடைப்பது, குரைக்கிற நாய்களைச் சமாதானப்படுத்துவது என்று சகலமும் பார்க்கிறார். சின்னது பெருசு எல்லாருக்கும் அவர் ஐஸ் மாமா.

தம்பி ஆற்றோரம் லாயம் வைத்துக் குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கிறான். அவன் உயிராக வளர்த்த புயல் என்ற குதிரை, அக்கா தடுப்பூசி போட்ட அன்றைக்கே வயிற்று நோவு கண்டு செத்துப்போனது. ஊசிக்கும் நோவுக்கும் சம்பந்தமே இல்லை என்று அவள் தொண்டை வற்றச் சொல்லிப் பார்த்தாள். அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வருஷக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசவில்லை. லாயத்துக்குள் ஊசியும் நுழையவில்லை, அக்காவும் நுழையவில்லை.

அவனுடைய வெள்ளைக் குதிரை மேகம் சினையானதும்தான் மனசு இளகியது. "இவளுக்கு மட்டும் போடு" என்று வந்து நின்றான். ரண ஜன்னிக்கான, அதாவது டெட்டனஸுக்கான ஊசி. ஒன்று போட்டு, கொஞ்ச நாள் விட்டு இன்னொன்று. காயத்தில் ஏறும் அந்த நோய்க்குக் குதிரையைப்போல லேசாகப் பலியாகும் பிராணி வேறு இல்லை. தாய்க்கு ஊசி போட்டால் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் காப்பு போகும். அந்தக் குட்டிக்காகத்தான் இப்போது லாயமே காத்திருக்கிறது.

இனி இந்த வாரத்துக்கு வருவோம்.

அன்றைக்குக் காலையில் தெருவையே காணோம். அப்படி ஒரு பனி. எதிர்வீட்டு மாடி மட்டும் கீழே ஒன்றுமில்லாமல் மிதந்துகொண்டிருந்தது. பால் வண்டியின் மணி கேட்டது, வண்டி தெரியவில்லை.

டாக்டரம்மா ஜன்னலோரம் நின்று, விடியற்காலையில் கண்ட கனவை நினைத்துக்கொண்டிருந்தாள். மேகம் சத்தமே இல்லாமல் மாடிப்படி ஏறிவந்து, சமையலறையில் நின்று, அவள் தோளில் மூக்கை வைத்து மூச்சு விட்டது. அவ்வளவுதான் கனவு. விழித்த பிறகும் தோள் கதகதவென்று இருந்தது.

ஐஸ் மாமா போர்வைக்குள் சுருண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். தினமும் அவர்தான் முதலில் எழுந்து க்ளினிக்கைத் திறப்பார். இன்று பனி அவரையும் அமுக்கிவிட்டது. பாவம், தூங்கட்டும் என்று அவளே கீழே இறங்கினாள்.

எடை பார்க்கும் மெஷின் மேல் க்ளினிக் பூனை படுத்திருந்தது. அந்த இடத்தை அதற்கு யாரோ பட்டா போட்டுக் கொடுத்தாற்போல ஒரு தூக்கம். வாசலில், பனிக்குள்ளிருந்து தையல்காரரும் அவருடைய கிழட்டு நாயும் மெல்ல உருவானார்கள்.

"இவனுக்கு வருஷ ஊசி டாக்டரம்மா. வெறிநோய்க்குப் போடறது. நேத்தே ஞாபகம் வந்துச்சு. இவன் மூஞ்சியப் பாத்து மனசு வரல."

"ஊசி அவனுக்குத்தானே? உங்க கை ஏன் நடுங்குது?"

"அவனுக்குப் போட்டா எனக்குத்தான் வலிக்குது."

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே ஃப்ரிட்ஜைத் திறந்தாள். சிரிப்பு அப்படியே நின்றது.

மருந்துக் குப்பிகள் எல்லாம் கல்லாக உறைந்து கிடந்தன. நாய் மருந்து, பூனை மருந்து, குதிரை மருந்து எல்லாமே. உள்ளே தொங்கிய தெர்மாமீட்டர் பூஜ்யத்துக்குக் கீழே காட்டியது. தினமும் காலையில் அவள் கண்ணும் கருத்துமாகப் பார்க்கிற தெர்மாமீட்டர் அது. ஒரு நாளும் இரண்டு டிகிரிக்குக் கீழே இறங்கியதில்லை, எட்டைத் தாண்டியதில்லை.

"இன்னிக்கு வேணாம்" என்றாள். "மருந்து கெட்டுப்போச்சு. புதுசு வந்ததும் நானே கூப்பிடறேன்."

"அப்ப போன மாசம் பக்கத்து வீட்டுப் பூனைக்குப் போட்டீங்களே, அந்த மருந்து?"

அவள் ஒரு குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். தையல்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நாயோடு பனிக்குள் கரைந்தார்.

மாடிப்படியில் தடதடவென்று சத்தம். ஐஸ் மாமா தலைகூட வாராமல் ஓடிவந்து, நேரே ஃப்ரிட்ஜுக்குள் கையை விட்டார். மனைவி பக்கத்தில் நிற்பதை அப்புறம்தான் பார்த்தார்.

"என்னங்க தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல டாக்டரே. இந்தக் குளிர் ஏத்தற திருகைக் கொஞ்சம் குறைக்கலாம்னு."

"குறைக்கணும்னா, ஏத்தினது யாரு?"

"நான்தான்." மனுஷன் முகத்தில் பெருமை வேறு. "பகல்ல நீ கதவைத் திறந்து திறந்து மூடறே, குளிர் ஓடிப்போயிடுது. அந்தக் குறையை ராத்திரி நான் சரிக்கட்டிடுவேன். படுக்கும்போது முழுசா ஏத்திடுவேன், காலையில நீ வர்றதுக்குள்ள இறக்கிடுவேன். கிடங்குல அப்படித்தான் பண்ணுவோம். இன்னிக்குத்தான் தூங்கிட்டேன்."

"எப்பலேருந்து?"

"வெயில் ஆரம்பிச்சதுலேருந்து. ஒரு ராத்திரி விட்டதில்ல. உன் மருந்து கெடலாமா?"

அட ராமா! இந்த மனுஷனை என்னவென்று திட்டுவது? ஐஸ்க்ரீம் உறைந்தால்தான் ஐஸ்க்ரீம். தடுப்பூசி மருந்து ஒரே ஒரு தடவை உறைந்தால்கூடப் போச்சு. மறுபடி உருகி, பார்வைக்குப் பழைய மாதிரியே பவ்யமாக நிற்கும். உள்ளே வீரியம் இருக்காது. ராத்திரியெல்லாம் உறைந்து, காலையில் உருகி, நல்ல பிள்ளையாக இருந்த அந்தத் தண்ணீரைத்தான் அவள் இத்தனை நாளும் ஊசியில் ஏற்றியிருக்கிறாள்.

டாக்டரம்மா ஸ்டூலில் உட்கார்ந்தாள். "மேகம்" என்றாள்.

ஐஸ் மாமாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கையைப் பிசைந்தார். "மேகத்துக்குப் போட்டதும் இதுலேருந்துதானா?"

"ரெண்டும்."

"ஐயோ. நான் நல்லதுன்னு நினைச்சு..." டாக்டரம்மாவுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. கத்தினால் இந்த மனுஷன் உடைந்துபோவார் என்று தெரிந்து பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இப்ப ஊசி போட்டா பால்ல காப்பு ஊற நாள் இல்ல. குட்டி இன்னிக்கோ நாளைக்கோ வந்துடும். அது பிறந்ததும் நேரா அதுக்கே எதிர்மருந்து போடணும். எங்கிட்ட இல்ல. ஆத்துக்கு அந்தப் பக்கத்து டாக்டர்கிட்ட இருக்கும். நான் போன் பண்றேன், நீங்க ஸ்கூட்டர்ல போய் வாங்கிட்டு லாயத்துக்கு வாங்க."

ஐஸ் மாமா, மருந்து கொண்டுவர ஐஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டார்.

"ஐஸ் மேல நேரா வைக்காதீங்க. நடுவுல துணி வைங்க."

"புத்தி வந்துடுச்சு தாயே." வாசல் வரை போனவர் திரும்பினார். "இப்பதான் உன் தம்பி உங்கூடப் பேச ஆரம்பிச்சிருக்கான். உண்மையைச் சொன்னா மறுபடி மூஞ்சியத் திருப்பிக்குவான். சத்து ஊசின்னு சொல்லிப் போட்டுடு. குதிரையா வந்து சொல்லப்போகுது?"

நம்ம டாக்டரம்மா பொய்யே சொல்லமாட்டாள் என்று நினைக்கிறவர்களுக்காக ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். லாயத்துக்கு நடந்து போகிற வழியிலேயே அவள் அந்தப் பொய்யை ஒத்திகை பார்த்துவிட்டாள். 'குட்டி பொறந்ததும் அதுக்கு ஒரு சத்து ஊசி. அவ்வளவுதான்டா.' பனிக்குள் தன் குரலே வேறு யாரோ பேசுவதுபோல் கேட்டது.

வழி முழுக்க வெள்ளை. பாலம் வந்ததுகூடக் காலடியில் பலகை அதிர்ந்தபோதுதான் தெரிந்தது. நடக்கிறோமா, இன்னும் கனவிலேயே இருக்கிறோமா என்று அவளுக்கே ஒரு மயக்கம். தூரத்தில் ஒரு குதிரை கனைத்தது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போய் லாயத்தை அடைந்தாள்.

தம்பி வைக்கோல் மேல் உட்கார்ந்து அரைத் தூக்கத்தில் இருந்தான். மேகம் அவன் தலைக்கு மேலே கண்ணை மூடி நின்றுகொண்டே தூங்கியது. இரண்டு பேர் மூச்சும் புகையாகக் கலந்து மேலே போனது.

"ஆள் அனுப்பலாமான்னு நினைச்சிட்டிருந்தேன். நீயே வந்துட்ட" என்றான், கண்ணைக் கசக்கிக்கொண்டு. அந்த முகத்தில் சின்ன வயசுத் தம்பி தெரிந்தான். "காம்புல மெழுகு கட்டிடுச்சு அக்கா. இன்னிக்கே வந்துடும்போல."

அவள் மேகத்தைச் சுற்றி வந்தாள். "ஏன்டா, பின்னங்காலைத் தாங்கி நிக்குது?"

"போன வாரம் ஆணி ஏறிடுச்சு. பழைய பலகை ஒண்ணுல இருந்தது. பிடுங்கிட்டுக் கழுவிவிட்டேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"முன்னாடின்னா பயத்துல உசுரே போயிருக்கும். இப்பதான் உன் ஊசி இருக்கே. வீணா உன்னை எதுக்கு அலைக்கழிக்கணும்னு விட்டுட்டேன்."

டாக்டரம்மா குனிந்து குளம்பைத் தூக்கிப் பார்த்தாள். ஆணி ஏறிய இடம் மேலே மூடியிருந்தது. இப்படி மூடிக்கொண்ட ஆழமான துளைக்குள்தான் அந்த நோய் உட்காரும்.

"ஒரு... சத்து ஊசி போடலாம்னு வந்தேன்."

"போடேன். நீ எதைப் போட்டாலும் சரி." அவன் மேகத்தின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தான். "நீ போட்டப்புறம் எனக்குக் கவலையே இல்ல அக்கா. புயல் போனதுலேருந்து ராத்திரி ரெண்டு தடவை எழுந்து பாப்பேன். இப்ப படுத்தா காலையிலதான் முழிக்கிறேன்."

அதைக் கேட்டதும்தான் ஒத்திகை பார்த்த பொய் பாதியிலேயே செத்தது. இவன் நிம்மதியாகத் தூங்கினால் போச்சு. தாடை இறுகுகிறதா, காது விறைக்கிறதா, நடை மாறுகிறதா என்று இனி வருகிற ஒவ்வொரு நாளும் யாராவது மேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். ஊசி காப்பாற்றும் என்று நம்புகிறவன் எதற்குப் பார்ப்பான்?

"கண்ணா, உட்காரு" என்றாள்.

"என்ன விஷயம்?"

"மேகத்துக்கு நான் போட்ட ரெண்டு ஊசியும் செத்துப்போன மருந்து. ஃப்ரிட்ஜுல உறைஞ்சு கெட்டுப்போயிருக்கு. எனக்கு இன்னிக்குக் காலையிலதான் தெரிஞ்சுது. இவளுக்கு எந்தக் காப்பும் இல்லடா. குட்டிக்கும் இல்ல."

அவன் கை மேகத்தின் கழுத்திலேயே நின்றுவிட்டது. கூரையிலிருந்து பனி சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"புயலுக்கும் இப்படித்தானா?" என்றான்.

"இல்லடா! அது நல்ல மருந்து. சத்தியமா."

"நல்ல மருந்துன்னு அன்னிக்கும் சொன்ன. நேத்து வரைக்கும் மேகத்துக்கும் நல்ல மருந்துன்னுதான் சொன்ன." அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "எதை நம்பறது அக்கா நான்?"

அவள் தோளைத் தொட வந்ததும் அவன் நகர்ந்துகொண்டான்.

"போயிடு" என்றான்.

"போறேன். எதிர்மருந்து வந்துட்டிருக்கு. அதைப் போட்டுட்டுப் போயிடறேன்."

"இன்னொரு ஊசியா? என் கண் முன்னாடியா?"

பனிக்குள் ஸ்கூட்டர் இருமிக்கொண்டு வந்து நின்றது. ஐஸ் மாமா டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். இரண்டு முகங்களையும் பார்த்ததுமே, பொய் வேலைக்கு ஆகவில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"மச்சான், அவளைத் திட்டாத. ஃப்ரிட்ஜைத் திருகினது நான். குளிர் ஜாஸ்தியானா நல்லதுன்னு நினைச்சேன். ஒரு மக்கு பண்ணின வேலை. என்னை வேணா நாலு சாத்து சாத்து."

"அவர் திருகினார், நான் கவனிக்கல" என்றாள் டாக்டரம்மா. "ஃப்ரிட்ஜ் என்னோடது. ஊசி போட்ட கையும் என்னோடது."

தம்பி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். என்ன சொல்ல வாயெடுத்தானோ, நமக்குத் தெரியப்போவதில்லை. மேகம் முன்னங்காலால் தரையைப் பிராண்டி, ஒரு சுற்றுச் சுற்றி, பெருமூச்சோடு வைக்கோலில் படுத்துவிட்டது. பனிக்குடம் உடைந்தது.

குதிரைகள் வழக்கமாக ஊர் அடங்கி, இருட்டிய பிறகுதான் குட்டி போடும். யாரும் பார்க்கக் கூடாதாம், அவ்வளவு வெட்கம். இன்றைக்கு உலகமே வெள்ளையாக மறைந்துபோனதில் மேகம் ஏமாந்துவிட்டதோ என்னவோ.

"என்ன நின்னு பாத்துட்டிருக்க?" என்றான் தம்பி அக்காவிடம். "வா இங்க!"

கோபமாவது மண்ணாவது. மூன்று பேரும் வைக்கோலில் முட்டி போட்டார்கள். மேகத்தின் விலா ஏறி இறங்கியது. முதலில் ஒரு குளம்பு, மெத்து மெத்தென்று. பின்னாலேயே இன்னொன்று. அவற்றின் மேல் படிந்த மூக்கு. வெள்ளைச் சவ்வுக்குள் ஒரு ஜீவன், இன்னும் தண்ணீருக்குள்ளேயே நீந்துகிற நினைப்பில் கால்களை அசைத்தது. டாக்டரம்மா சவ்வைக் கிழித்ததும் குட்டி தும்மியது. கறுப்புக் குட்டி. நெற்றியில்கூட ஒரு வெள்ளை இல்லை.

"யாரைக் கொண்டு பொறந்திருக்கு இது!" என்று ஐஸ் மாமா அழுதுகொண்டே சிரித்தார்.

தொப்புளில் டிஞ்சர் தடவினாள். பிறகு டப்பாவைத் திறந்து ஊசியில் மருந்தை ஏற்றினாள். நிமிர்ந்து பார்த்தபோது, தம்பி குட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தான். கொடுக்கிற அணைப்பு இல்லை அது.

"இது மேகத்துக்கும் குட்டிக்கும் ரெண்டு பேருக்கும் போடணும்" என்றாள். "உடனே வேலை செய்யும்."

"இது காப்பாத்தும்னு சத்தியம் பண்ணு."

ஐஸ் மாமா மனைவியைப் பார்த்தார். பண்ணிவிடேன் என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

"குட்டியை அநேகமா காப்பாத்தும். மேகத்துக்கு ஆணி ஏறி ஒரு வாரம் ஆச்சு. விஷம் ஏற்கனவே உள்ள போயிருந்தா இந்த மருந்து முழுசாத் தடுக்காது. சத்தியம் பண்ணமாட்டேன்டா."

குட்டி அவன் கக்கத்தில் மூக்கை நுழைத்து முலையைத் தேடியது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவனுடைய தாடைதான் இறுகி இறுகி நெகிழ்ந்தது. பிறகு மெல்லக் குட்டியின் கழுத்தை அக்கா பக்கம் திருப்பிப் பிடித்தான்.

"போடு."

குட்டிக்குப் போட்டாள். மேகத்துக்கும் போட்டாள். குளம்பில் மூடியிருந்த துளையைத் திறந்து, உள்ளே கழுவி, மருந்து வைத்துக் கட்டினாள். இத்தனையும் முடிவதற்குள் குட்டி நாலு தடவை எழுந்து, நாலு தடவையும் நாலு திசையில் விழுந்து, அடுத்த தடவை நின்றேவிட்டது. நின்றதும் தாயின் மடியைத் தப்பில்லாமல் கண்டுபிடித்துச் சப்பியது. அந்தச் சத்தத்தில் மூன்று பேருக்கும் உடம்பு தளர்ந்தது.

டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டு பையை எடுத்தாள். வீட்டில் இன்னொரு மலை காத்திருந்தது. அந்த ஃப்ரிட்ஜிலிருந்து ஊசி போட்டுக்கொண்ட ஒவ்வொரு நாயின் வீட்டுக்கும், ஒவ்வொரு பூனையின் வீட்டுக்கும் போன் போட்டு இதே வார்த்தையைச் சொல்லவேண்டும். தையல்காரர் இந்நேரம் பாதிப் பேருக்குச் சொல்லியிருப்பார்.

"கிளம்பறேன்டா. தாடை, காது, வால், நடை. எதுல ஒரு சின்ன விறைப்பு தெரிஞ்சாலும் கூப்பிடு. லாயத்தை இருட்டாக்கி வை, சத்தம் வேணாம்."

"எங்க கிளம்பற?"

"நீதானே போகச் சொன்ன."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "உன் மேல கோபம் தீரல. மாமா மேலயும் தீரல. தீரும்னும் தோணல. ஆனா போகாத அக்கா. விறைப்பு எது, களைப்பு எதுன்னு எனக்குப் பாக்கத் தெரியாது. பயமா இருக்கு."

அவள் பையைக் கீழே வைத்தாள். ஐஸ் மாமா வெளியே போய் ஸ்கூட்டரைத் தள்ளி ஓரமாக நிறுத்திவிட்டு வந்தார்.

தம்பி வெந்நீரில் பிசைந்த தவிட்டை வாளியில் கொண்டுவந்து மேகத்தின் முன்னால் வைத்தான். ஆவி பனியோடு கலந்தது. மேகம் தலையைத் தாழ்த்தி மோந்தது. மூச்சில் தவிட்டின் மேல் ஒரு சின்னக் குழி விழுந்தது. வாயைத் திறக்கவில்லை.

மூன்று பேரும் அதன் தாடையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"களைப்புதானே அக்கா?" என்றான் தம்பி.

"தெரியலடா" என்றாள் டாக்டரம்மா.